கதவில்லாத வகுப்பு

2020 மார்ச் 10

கிண்ணியாப் பாலத்தில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. மூச்சு வாங்க ஓடி வகுப்புக்குள் நுழைந்தபோது, இனி மிஸ் வரமாட்டார் என்ற சந்தோசத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் புத்தகப் பையைத் தோளில் மாட்டிவிட்டிருந்தார்கள். வந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

இன்று புள்ளிவிபரவியலில் நியம விலகல், standard deviation, தொடங்கினேன். வழக்கம்போல முதலில் ஆங்கிலத்தில் வரைவிலக்கணம். முகங்களெல்லாம் சுவர். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அதையே தமிழில் சொன்னேன். சுவரில் யன்னல் திறந்தது. எங்கள் துறையில் எல்லோரும் செய்வது இதுதான். காகிதத்தில் பாடமொழி ஆங்கிலம். கதவு சாத்தினால் தமிழ். யாரும் யாரிடமும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. துறைத்தலைவர் கோணேஸ்வரன் சேரின் வகுப்புக் கதவும் பாதி நேரம் சாத்தித்தான் கிடக்கும். காற்று வராமல் வியர்த்தபடி படிப்பிப்பார்.

சிங்களப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆங்கிலமே போதும் என்று நினைக்கிறேன். போதுமா? கேட்டதில்லை.

கடைசி வரிசை வாங்கில் ஒரே குசுகுசு. கந்தளாய்ப் பிள்ளை அசனாவும் சேருவில ஊர்ச் சிங்களப் பிள்ளை சந்தமாலியும். இரண்டு முறை அதட்டியும் நிற்கவில்லை. மூன்றாம் முறை அசனாவை எழுப்பி முன் வாங்கில் இருத்தினேன். அதன் பிறகு சந்தமாலி வகுப்பு முடியும்வரை கொப்பியின் ஓரத்தில் பூ வரைந்துகொண்டிருந்தாள். கவனமே இல்லாத பிள்ளை.

போகும்போது கோணேஸ்வரன் சேர் வாசலில் மறித்தார். "பஹ்மியா, ஞாபகம் இருக்குதானே? மேயில ரெண்டு பேர் வந்து பின்னால இருந்து உங்கட வகுப்பைப் பாப்பினம்." ஞாபகமில்லாமலா? என் தகுதிகாண் காலம் இந்த வருடத்தோடு முடிகிறது. அந்த இரண்டு பேரும் சரி என்றால் பதவியில் உறுதி. இல்லையென்றால் பெரிய மனதுபண்ணி இன்னும் ஒரு வருடம் தரலாம். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் வீடுதான்.

மார்ச் 14

கொரோனாவால் வளாகத்தை மூடிவிட்டார்கள். விடுதிப் பிள்ளைகள் பெட்டி, தலையணை, மின்விசிறி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். இரண்டு கிழமைதானாம். இரண்டு கிழமைக்கு ஏன் மின்விசிறி என்று கேட்டேன். வெருகல் ஊர்க் கஜந்தினி சிரித்தாள். "தெரியாது மிஸ், எல்லாரும் கொண்டு போயினம், நானும் கொண்டு போறன்."

மார்ச் 23

ஊரடங்கு. என் கணவர் சஜீத்துக்கு மட்டும் துறைமுகத்துக்குப் போக அனுமதிச்சீட்டு. கப்பல் வந்தால் எழுதுவினைஞரும் வேண்டுமாம். அவர் போனபிறகு வீட்டில் நான், பூனை, இன்னும் திருத்தாத விடைத்தாள்கள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடமாடுகிறோம்.

மார்ச் 28

துறையின் முதலாவது சூம் கூட்டம். கோணேஸ்வரன் சேரின் நெற்றி மட்டும் தெரிந்தது. "எல்லாருக்கும் என்னைத் தெரியுதோ?" என்று அந்த நெற்றி கேட்டது. ஓம் என்றோம்.

இனி எல்லா வகுப்பும் இணையவழி. பாடமொழி ஆங்கிலம் மட்டும். வகுப்பு முழுவதும் பதிவு செய்ய வேண்டும். பதிவைத் துறையின் தளத்தில் ஏற்ற வேண்டும். பிள்ளைகளின் மைக் எல்லாம் மூடி இருக்க வேண்டும், இரைச்சல் ஆகாது. பிறகு என் பெயரைச் சொன்னார். என்னை மதிப்பிடுகிறவர்கள் நேரில் வரமாட்டார்கள். நானே ஒரு வகுப்பின் பதிவைத் தெரிவுசெய்து அனுப்ப வேண்டும், வெட்டாமல் ஒட்டாமல் முழுதாக.

அதைக் கேட்டு முதலில் ஆறுதல்தான். பல வகுப்பில் ஒன்றை நானே பொறுக்கலாம். கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் ஊற்றும்போதுதான் உறைத்தது. பதிவு ஓடும். யாரும் எந்த நேரமும் திறந்து பார்க்கலாம். சூமுக்குக் கதவு ஏது?

அப்படியென்றால் எப்போது தமிழ் கதைப்பது?

ஏப்ரல் 2

முதல் வகுப்பு. வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் கதிரை போட்டு இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் குடாவும் அதற்கப்பால் துறைமுகமும் தெரியும். இரண்டு கப்பல் அசையாமல் நிற்கிறது, அதுகளுக்கும் ஊரடங்கு.

ஆங்கிலத்தில் தொடங்கி ஆங்கிலத்திலேயே முடித்தேன். என் பாட்டுக்கு நான் கதைத்தேன். பிள்ளைகளின் கமெரா எல்லாம் மூடி, பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாக. "ஏதும் சந்தேகம் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் இல்லை. காகம் ஒன்று தாங்கியில் வந்திருந்து கத்தியது. பதிவில் அதுவும் விழுந்திருக்கும்.

ஒருவரும் குசுகுசுக்காத வகுப்பை என் வாழ்நாளில் இன்றுதான் எடுத்தேன். சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என்ன குறை என்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 9

இன்றும் அப்படியே.

ஏப்ரல் 16

கோணேஸ்வரன் சேர் எடுத்தார். என் முதல் வகுப்பின் பதிவைப் பார்த்ததாகப் போனில் சொன்னார். "நல்ல அமைதி. அந்தக் காகத்தை விட்டா ஒரு பிழையும் இல்லை. அதையே அனுப்புங்கோ." நன்றி சொன்னேன். போனை வைத்தபின் அந்தப் பதிவை நானே போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எனக்கே நித்திரை வந்தது.

ஏப்ரல் 30

நோன்பு தொடங்கி ஆறாம் நாள். களைப்பு. இன்று இணையத்தில் சிறு பரீட்சை ஒன்று வைத்தேன். பத்துக் கேள்வி. பாதிக்கு மேல் எடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு நியம விலகல் கணக்குப் போட்டு, அதில் நல்ல பெறுபேறு எடுத்து வந்த பிள்ளைகள் இவர்கள். அதே கணக்கைத்தான் ஆங்கிலத்தில் கொடுத்தேன். சந்தமாலி வெறும் தாள் அனுப்பியிருக்கிறாள். அவளாவது தெரியாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

நோன்பு திறக்கும்போது சஜீத்திடம் சொன்னேன்.

"சோம்பேறிக் கூட்டம். போனத் திறந்து வெச்சிட்டுப் படுக்கிறாங்க போல."

"நீங்க என்ன மொழியில படிப்பிக்கிறீங்க?"

"இங்லிஷ்ல."

"வேற மொழியில கேட்டா அவங்களுக்கு வெளங்குமா?"

"வெளங்கும். ஆனா ரெக்கோட் ஆகுதே."

அவர் பேரீச்சம்பழத்தின் கொட்டையைத் துப்பிவிட்டுக் கஞ்சியை எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது? அவர் ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லையே.

மே 7

சூமை மூடிய கையோடு இதை எழுதுகிறேன். எழுதி முடித்தால் மனம் ஆறுமோ தெரியாது.

காலை வகுப்பு. நான் ஸ்லைட்டை வாசித்துக்கொண்டிருக்கிறேன். திடீரென்று யாரோ கதைக்கும் சத்தம். கஜந்தினியின் மைக் திறந்துவிட்டது, அவளுக்கே தெரியாமல். அவள் கதைக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு போன், அதிலிருந்து வருகிறது குரல். அசனாவின் குரல்.

"மிஸ் இப்ப சொன்னது என்னண்டா, ரெண்டு வள்ளம் இரிக்கி. ரெண்டும் சராசரியா ஒரே அளவு மீன்தான் கொண்டு வருது. ஒண்டு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. மத்தது ஒரு நாள் அள்ளிக் கொண்டு வரும், மறுநாள் வெறுங்கையோட வரும். அந்த ரெண்டாவதுக்கு நியம விலகல் கூடுதல். வெளங்குதா?"

உடனே அதையே சிங்களத்தில் சொன்னாள். யாரோ "ஆ... ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி போட்டார்கள். அசனா பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்தான் அது சந்தமாலி என்று தெரிந்தது. குசுகுசுவைத் தவிர அவள் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நான் வாயை மூடிவிட்டேன். வாயை மூடினால்தானே கேட்கும். யாரோ ஒரு பெடியன் கேட்டான், "மிஸ் ஏன் நிப்பாட்டிட்டா?" அதற்கு அசனா சொன்னாள், "மிஸ்ஸ விடுங்க, அவ ஸ்லைட்டத்தான் வாசிக்கிறா. நாம படிப்பம்."

வகுப்பை அப்படியே மூடிவிட்டேன். சலாமும் சொல்லவில்லை, போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

என் வகுப்பு நடக்கும்போதே எனக்குப் பின்னால் வட்ஸ்அப்பில் இன்னொரு வகுப்பு! அழுகை வருகிறது. நோன்போடு மொட்டைமாடி வெயிலில் காய்ந்து இவ்வளவு நாளாக நான் யாருக்குப் படிப்பித்தேன்? என்ன துணிச்சல் அவளுக்கு. ஸ்லைட்டத்தான் வாசிக்கிறாவாம்!

வாசிக்கத்தானே செய்தேன்.

அந்த வள்ள உதாரணம் நல்லாத்தான் இருந்தது, சனியன்.

மே 8

துறைத்தலைவரிடம் சொல்வதா? சொன்னால் அசனா மேல் விசாரணை வரும். சொல்லாவிட்டால்? பதிவில் எல்லாம் இருக்கிறது. அந்தப் பதிவை இன்னும் ஏற்றவில்லை.

கடைசியில் அசனாவுக்கே போன் எடுத்தேன். அவள் முதலில் அழுதாள். நான் ஏச எடுத்தேனா ஆறுதல் சொல்ல எடுத்தேனா என்று எனக்கே தெரியாமல் போனது.

"எவ்வளவு காலமா நடக்குது இது?"

"முதல் வருசத்திலருந்து மிஸ்."

"முதல் வருஷத்தில ஏது சூம்?"

"சூம் இல்ல மிஸ். கிளாஸில. நீங்க இங்லிஷ்ல சொல்ற நேரம் நான் பக்கத்துப் பிள்ளையளுக்குத் தமிழ்ல சொல்லுவன். கதவச் சாத்திட்டு நீங்க தமிழ்ல சொன்னா சந்தமாலியாக்களுக்குச் சிங்களத்தில சொல்லுவன். நீங்க கதைக்காத எண்டு ஏசுவீங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்ப மியூட்ல இருக்கிறதால நீங்க ஏசல்ல மிஸ்," என்றாள். அதைக் குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றி போலச் சொன்னாள்.

நான் சத்தத்தை அடக்கி அடக்கி வகுப்பு நடத்தினேன். அந்தச் சத்தம்தான் வகுப்பாக இருந்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு வருடம் படிப்பித்துக் கிழித்தேன் என்று இருந்தேனே. வெட்கமாக இருக்கிறது.

மே 9

வெட்கமாக இருக்கிறது என்பதை நேற்றே எழுதிவிட்டேன். இன்றும் அதுதான்.

மே 14

செய்துவிட்டேன்.

முதல் கால்மணி நேரம் தைரியம் வரவில்லை. பழையபடி மைக் எல்லாம் மூடி ஆங்கிலத்தில் வாசித்தேன். பதிவு என்று காட்டும் அந்தச் சிவப்புப் புள்ளி என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. பதிவை நிறுத்திவிட்டுத் தமிழுக்கு மாறலாமா என்று யோசித்தேன். வகுப்புக்கு வரமுடியாத பிள்ளைகள் பதிவைத்தானே பார்க்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் சுவரா?

பிறகு என்ன வந்ததோ, எல்லோருடைய மைக்கையும் திறந்துவிட்டேன்.

"அசனா, இருக்கிறீங்களா?"

"...இரிக்கன் மிஸ்."

"நான் தமிழ்ல சொல்றன். நீங்க சிங்களத்தில சொல்லுங்க. அந்த வட்ஸ்அப்ப மூடுங்க எல்லாரும், எதிரொலி வருது."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அதற்குப் பிறகு நடந்ததை வகுப்பு என்று சொல்லலாமா தெரியாது. வெருகலில் கஜந்தினியின் வீட்டு மாடு கத்தியது. எங்கேயோ தொலைக்காட்சிச் செய்தி. ஒரு தகப்பன் "இன்னும் முடியல்லயா, போனத் தா" என்றார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியபோது அது மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து போனில் கேட்டது. நாங்கள் எல்லோரும் அது முடியுமட்டும் பேசாமல் இருந்தோம், சந்தமாலியும்.

சந்தமாலி மூன்று கேள்வி கேட்டாள். முதலாவது சிங்களத்தில், இரண்டாவது ஆங்கிலத்தில், மூன்றாவது எந்த மொழி என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றும் சரியான கேள்விகள்.

எனக்குச் சந்தோசமா பயமா? இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது, பிரித்து எடுக்க ஏலாது.

மே 24

பெருநாள். பள்ளிவாசல் மூடி. வீட்டிலேயே தொழுதோம். போனில் வாழ்த்துகள். அசனா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தின் படம் அனுப்பியிருந்தாள். கோணேஸ்வரன் சேரும் வாழ்த்து அனுப்பினார், கீழே ஒரு வரி: "பதிவை அனுப்பக் கடைசித் திகதி ஜூன் 5. முதல் வகுப்பையே அனுப்புங்கோ."

ஜூன் 3

இரண்டாவது சிறு பரீட்சை வைத்தேன். முக்கால்வாசிப் பேர் பாதிக்கு மேல். சந்தமாலி ஒரு கணக்கில் மட்டும் வர்க்கமூலம் எடுக்க மறந்திருக்கிறாள், மிச்சமெல்லாம் சரி.

எந்தப் பதிவை அனுப்புவது?

ஏப்ரல் 2ஐ அனுப்பினால் வேலை உறுதி. அமைதி, ஆங்கிலம், ஒரு காகம். ஆனால் அதில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மே 14ஐ அனுப்பினால் எல்லோருக்கும் விளங்கிய வகுப்பு, ஆனால் பாடமொழியை மீறியிருக்கிறேன், மைக் திறந்திருக்கிறது, மாடு, பாங்கு, போனைக் கேட்கிற தகப்பன். படிப்பிக்கத் தெரிந்தவளா என்றுதானே கேட்கிறார்கள்? அல்லது அதைக் கேட்கவில்லையா?

சஜீத்திடம் கேட்டேன். "அனுப்பினாப் பிறகு எதுக்காகக் கவலப்படுவீங்க எண்டு யோசிங்க," என்றார். இரண்டுக்கும்தான் கவலைப்படுவேன். அதை அவரிடம் சொன்னேன். "அப்ப என்னட்டக் கேக்காதீங்க," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெரிய ஞானி.

ஜூன் 5

மே 14ஐ அனுப்பினேன்.

அனுப்பிய கையோடு திரும்ப எடுக்க முடியுமா என்று தேடினேன். முடியாது. குசினிக்குள் போய்த் தேவையில்லாமல் எல்லாக் கோப்பையையும் கழுவினேன்.

ஜூன் 18

ஒரு சேதியும் இல்லை.

ஜூலை 21

கோணேஸ்வரன் சேர் எடுத்தார். குரலிலேயே சந்தோசம்.

"பஹ்மியா, வாழ்த்துகள். நல்ல அறிக்கை. ரெண்டு பேருமே நல்லா எழுதியிருக்கினம். ஒழுங்கான வகுப்பு, மாணவர் மிகுந்த அமைதியோடு செவிமடுத்தனர் எண்டு. இனிப் பல்கலைக்கழகப் பேரவை ஒப்புக்கொண்டாச் சரி."

அமைதியோடா? எந்த வகுப்பில்? பிழையாக வேறு பதிவை அனுப்பிவிட்டேனோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். இல்லை, மே 14தான் போயிருக்கிறது. அப்போதுதான் விளங்கியது. முதல் கால்மணி நேரம் பார்த்திருக்கிறார்கள். நான் தைரியமில்லாமல் வாசித்துக்கொண்டிருந்த அந்தக் கால்மணி நேரம். அதோடு மூடிவிட்டார்கள்.

சஜீத் மரக்கறி ரொட்டியும் தொதல் இனிப்பும் வாங்கி வந்தார். உம்மாவுக்குப் போனில் சொல்ல, உம்மா அங்கேயே அழுதுவிட்டார். எல்லோரும் சந்தோசம். நானும் சிரித்தேன். எனக்குக் கிடைத்தது என்ன? வேலையா? பரிசா? பகிடியா? தொதலைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன், இனிக்கத்தான் செய்கிறது.

ஜூலை 24

யாருக்கும் சொல்லாமல் விடலாம். நான் பொய் சொல்லவில்லை. முழுப் பதிவையும் கொடுத்தேன். பார்க்காதது அவர்கள் குற்றம்.

இதை மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையென்றால் ஒரு முறை சொன்னால் போதாதா?

ஜூலை 28

துறைக் கூட்டம். இப்போது சேரின் முகம் முழுதாகத் தெரிகிறது, அவருடைய மகன் கமெராவைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான் போல.

அடுத்த தவணைக்கான ஒழுங்குகள். சேர் என் அறிக்கையிலிருந்து வாசித்தார். பஹ்மியாவின் வகுப்பு எல்லோருக்கும் முன்மாதிரியாம். ஆகவே இனி எல்லா வகுப்பிலும் மைக் கட்டாயமாக மூடியிருக்கும். பிள்ளைகளே திறக்கவும் முடியாதபடி அமைத்துவிடலாம். ஆங்கிலம் மட்டும். மீறினால் விளக்கம் கேட்கப்படும்.

எல்லோரும் கைதட்டும் படத்தை அனுப்பினார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் படிப்பிக்கிற அதே ஆட்கள்! எங்கள் துறையின் இன்னொரு விரிவுரையாளர் சுலோஜனா மிஸ் இதயம் வேறு அனுப்பினார்.

என் மைக் மூடியிருந்தது. பேரவை இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் உறுதிக் கடிதம். என் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளின் வாயை மூடப்போகிறார்கள். கஜந்தினிக்கு இனி யார் சொல்லிக்கொடுப்பது? சந்தமாலி மறுபடி பூ வரைவாள்.

மைக்கைத் திறந்தேன்.

"சேர், அந்தப் பதிவ முழுசாப் பாத்தீங்களா?"

"...அறிக்கை வந்திருக்குத்தானே பஹ்மியா."

"அறிக்கையில்ல சேர். பதிவ. கால்மணித்தியாலத்துக்குப் பிறகு பாருங்க. அமைதியே இல்ல. நான் தமிழ்லதான் படிப்பிச்சன், ஒரு பிள்ள சிங்களத்தில சொல்லிச்சு. எல்லா மைக்கும் திறந்திருந்திச்சு. அதுக்குப் பிறகுதான் பிள்ளையளுக்கு வெளங்கிச்சு. இதச் செய்யப் போறதெண்டா அதப் பாத்திட்டுச் செய்யுங்க."

கைதட்டும் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இந்த விஷயத்தை ஒத்திவைப்பம்," என்றார்.

கூட்டம் முடிந்ததும் அவரே எடுத்தார். "ஏன் பிள்ளை? நான் ஒரு வார்த்தையும் கேக்கேல்லையே. பேசாம இருந்திருக்கலாமே." கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை சேர் என்றேன்.

ஜூலை 29

பைத்தியக்காரி.

செப்ரெம்பர் 15

கடிதம் வந்தது. பதிவை மீளப் பார்வையிட்டார்களாம். பாடமொழி பின்பற்றப்படவில்லை. வகுப்புக் கட்டுப்பாடு போதாது. தகுதிகாண் காலம் மேலும் ஒரு வருடம் நீடிக்கப்படுகிறது. இதுதான் கடைசி நீடிப்பு. இந்தக் காலத்தில் துறைத்தலைவர் மாதம் ஒரு முறை என் வகுப்பில் இருந்து அவதானித்து எழுத வேண்டும்.

வாசித்துவிட்டு அழுதேன், நன்றாக. அழுது முடிந்தபிறகு பசித்தது. சஜீத் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். ஒரு ஆறுதலும் சொல்லத் தெரியாமல், "நாளைக்குப் பாரை மீன் கொண்டு வாறன்," என்றார். ஓம், பெரியதாகப் பார்த்துக் கொண்டு வாங்க என்றேன்.

மைக் மூடுகிற விதி மட்டும் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வரவில்லை. ஒத்திவைத்தது ஒத்திவைத்தபடியே கிடக்கிறது. சுலோஜனா மிஸ் தனியாகப் போன் எடுத்து, சிங்களம் தெரிந்த பிள்ளை தன் வகுப்பில் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்.

ஒக்ரோபர் 20

மறுபடி நோய் பரவுகிறது. திறக்கவிருந்த வளாகம் திறக்கவில்லை. மறுபடி மொட்டைமாடி.

இன்று இரண்டாம் ஆண்டுக்குப் பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்பு. கோணேஸ்வரன் சேர் அவதானிக்க வந்திருந்தார். பெயர்களுக்கு நடுவே அவருடைய பெயரும் ஒரு கட்டத்தில். அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லோரும் மைக்கை மூடிவிட்டார்கள். நானே திறந்துவிட்டும் ஒவ்வொருவராக மறுபடி மூடினார்கள். நியம விலகல் என்றால் என்ன, யாராவது சொல்லுங்கள் என்று தமிழில் கேட்டேன். ஒரு சத்தமில்லை. அசனாவும் இல்லை. மீண்டும் கேட்டேன். சிவப்புப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. போச்சுது, இன்றோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது கரகரவென்று ஒரு மைக் திறந்தது. சேருடையது.

"பிள்ளையள், நான் ஒண்டு சொல்லட்டோ?"

தமிழில்.

"இடை, அதான் சராசரி, எண்டு ஒண்டு இருக்குத்தானே. அதிலயிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு தூரத்தில நிக்குது எண்டு பாக்க வேணும். அந்தத் தூரங்களை வர்க்கிச்சு, எல்லாத்தையும் கூட்டி, எண்ணிக்கையால பிரிச்சா வாறதுதான் நியம விலகல். விளங்குதோ?"

அசனா மெல்லத் தன் மைக்கைத் திறந்து அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். கடைசி வசனத்தில் தயங்கி நின்றுவிட்டாள். எனக்கும் பிழை தெரிந்தது. சேர் சொன்னது நியம விலகல் இல்லை, மாறற்றிறன், அதன் வர்க்கம். கடைசிப் படியை விட்டுவிட்டார். என்னை அவதானிக்க வந்தவரை, பதிவு ஓடும்போது, நான் எப்படித் திருத்துவது?

"சேர்..." என்றது ஒரு குரல். "சேர், வர்க்கமூலம் எடுக்க இல்ல."

சந்தமாலி. தமிழில்.

பிறகு கட்டம் கட்டமாக மைக் திறந்து சிரிப்பு வந்தது. கஜந்தினி, அசனா, பெடியன்கள், யாருடையவோ தம்பி தங்கைகள். எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது சேர்தான்.

"ஓம் மகள், ஓம். இனித்தான் எடுக்கப் போறன்," என்றார்.

அதன் பிறகு வகுப்பை நிறுத்த ஏலாமல் போனது. வழமையைவிட அரைமணி நேரம் கூடுதலாக எடுத்தேன்.

முடிந்து எல்லோரும் போனபிறகும் சேரின் கட்டம் மட்டும் இருந்தது. இருமினார்.

"பஹ்மியா, இதெல்லாம் ரெக்கோட் ஆகியிருக்கும் என்ன?"

"ஓம் சேர். நீங்க கதைச்சதும் இருக்கு. விருப்பமில்லாட்டி—"

"இல்லையில்லை." மறுபடி இருமினார். "ஏத்திவிடுங்கோ."

ஒரு நிமிடமும் வெட்டாமல் ஏற்றிவிட்டேன்.